பிளாட்டிபஸ் கர்ஜனையும் கிளி விரட்டிய ஃபிலிமும்

ஹூவன்வில், டாஸ்மேனியா

கான்பெரா திரைப்படக் காப்பகத்தில் நாட்டின் ஞாபகசக்தியையே டப்பா டப்பாவாக அடுக்கிக் காத்துவரும் என் தங்கை மகள் குவெண்டாவுக்கு, மெர்வின் மாமா ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், உன் தெல்மா அத்தை, மழை மூவரும் நலம்.

1962-ல் ஹோபார்ட் தொலைக்காட்சியின் 'மணியடி, அள்ளிக்கொள்' போட்டியில், "பாலும் கொடுத்து முட்டையும் இடும் பிராணி எது?" என்று கேட்டு முடிக்குமுன் "பிளாட்டிபஸ்!" என்று கர்ஜித்து, சலவை இயந்திரத்தை வென்றவன் நான். தீவே குலுங்கியது. ஆடுகள் மேய்ச்சலை நிறுத்தின. இப்பேர்ப்பட்ட சரித்திரத்தை நிலையத்தார் என்ன செய்தார்கள்? டேப் விலை அதிகமாம். அடுத்த வாரமே அதன்மேல் ஃபுட்பால் மேட்ச்சைப் பதிந்துவிட்டார்கள். என்ன தொலைநோக்கு! நம் ஊர் ஆட்டப்படி பக்கத்துக்குப் பதினெட்டாகச் சேற்றில் உருளும் முப்பத்தாறு பேர் வாழ்க, அறிவு ஒழிக. சரி, வெளியூர் நிலையங்களுக்கு அனுப்ப எடுத்த ஃபிலிம் பிரதிகளாவது மிஞ்சினவே என்றால், அவற்றையும் குப்பையில் போட்டார்கள். அள்ளி வந்தவன் யார்? அன்று என்னிடம் தோற்ற டெஸ், உன் அத்தையின் தம்பி, எனக்கென்று வாய்த்த மச்சான். மகாரசிகன்! முழம் முழமாக வெட்டிச் செர்ரி மரங்களில், காற்றில் பளபளத்துக் கிளி விரட்டட்டும் என்று கட்டிவிட்டான். "காட்டுமிராண்டி, பொக்கிஷமடா அது!" என்றேன். "அட போ மச்சான், டிவியில வந்தத விட மரத்துலதான் இதுக்கு மவுசு. அதுசரி, அன்னிக்குப் பதில் நீயா சொன்ன? வாயத் தொறந்த, ஈ உள்ள போச்சு, அவ்வளவுதான்" என்கிறான். ஐம்பது வருடமாக, கிளப்பில், பீர் கிளாஸோடு, ஊர் கேட்க.

அவன் டிராக்டர் கொட்டகையில் எண்ணெய் டின்களுக்கு நடுவே ஒரே ஒரு சுருள் தப்பியதும், அது என் சுருளாகவே இருந்ததும், நீ அதைக் கழுவித் துடைத்து உயிர் கொடுப்பதும் தெய்வச் செயல். சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் திரையிடுகிறோம். பதில் என்னுடையதென்றால் டெஸ் மேடையேறி மன்னிப்புக் கேட்பான். இல்லையென்றால் நான் கேட்க வேண்டுமாம், சிரிப்புத்தான் வருகிறது. போஸ்டர்கூட ஒட்டியாயிற்று. ஒரு ஃபிரேமையும் வெட்டாதே. சத்தத்தை நன்றாகத் துலக்கு. நாட்டின் ஆவணத்தில் கைவைப்பவன் மனிதனே அல்ல.

தூசி படாமல், பூஞ்சை பிடிக்காமல் பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
சரித்திர நாயகன்,
மெர்வின் மாமா

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் போன் வந்தது. சத்தத்தைத் துலக்கிவிட்டாயாம். நான் வாயைப் பிளந்து நிற்க, பார்வையாளர் வரிசையிலிருந்து "பிளாட்டிபஸ்னு சொல்லித் தொலைங்க!" என்று ஒரு பெண்குரல் கணீரென்று கேட்கிறதாம். இவ்வளவு துலக்கச் சொன்னது யார்? பக்கத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த உன் அத்தை, "மெஷின் வந்துச்சே, துணி வெளுத்தா சரின்னு இத்தன வருஷம் வாய மூடிக்கிட்டிருந்தேன். சனிக்கெழம எனக்கு முன்வரிசையில ஒரு சீட்டுப் போடுங்க" என்கிறாள். குவெண்டா கண்ணே, இந்த வருடம் என் மரங்களிலும் கிளித்தொல்லை தாங்கவில்லை. சுருளை நேரே எனக்கே அனுப்பிவிடு. கத்தரிக்கோல் தயார்.