மூன்று பச்சைப் பொட்டுகள்

உலகத்தில் கருத்தே இல்லாதவர்கள் உண்டு. கருத்து இருந்தும் வாயைத் திறக்காதவர்கள் உண்டு. அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை, விட்டுவிடுவோம். நாம் இன்று பார்க்கப்போவது, எங்கேயாவது யாராவது நம்மிடம் கருத்துக் கேட்கிறார்களா என்று விடிந்ததும் விடியாததுமாகச் செய்தித்தாளின் பொடி எழுத்து அறிவிப்புகளைத் துழாவுகிற கருத்தாளரை. உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். சாக்கடை மூடி வட்டமாக இருக்கலாமா சதுரமாக இருக்கலாமா என்று பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமா? போவார். பஸ் தடத்தை மாற்றப்போகிறார்களா? போவார். விமான நிலைய விரிவாக்கமா? அவர் விமானம் ஏறியதே இல்லை, ஆகவே தன்னால்தான் நடுநிலையாகப் பேச முடியும் என்று அதற்கும் போவார்.

நம்மவர் லாரி எடைமேடையில் முப்பது வருடம் எடைச் சீட்டு எழுதி ஓய்வு பெற்றவர். அந்த முப்பது வருடத்தில் எல்லாரும் அவரிடம் லாரியின் எடையைத்தான் கேட்டார்கள். கருத்தை ஒருவரும் கேட்கவில்லை. இது என்ன நியாயம்? அடைத்து வைத்ததெல்லாம் இப்போது ஒரேயடியாக வெளியே வருகிறது. எதைச் சொல்லி முடித்தாலும் "இன்னொண்ணு" என்று மறுபடி ஆரம்பிப்பதால் தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அவர் முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அதைப் பற்றியும் கருத்துச் சொல்வாரே.

உணவுக் கட்டுப்பாட்டு வாரியம் அடுத்த ஐந்து வருடத்தில் எந்த வேலைக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று மக்களைக் கேட்கப்போகிறது என்ற செய்தி வந்தபோது மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மகளும் கூடவே பரபரத்ததுதான் புதுமை. மகள் பஸ் ஓட்டுநர். அவளுக்கு ஏழு வயதில் ஒரு பெண். அந்தக் குட்டிக்கு வேர்க்கடலை துளி பட்டாலும் உதடு வீங்கி மூச்சு இழுக்கும். பாக்கெட்டில் வருவதென்றால் படித்துப் பார்த்து வாங்கலாம். பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் தட்டில் அடுக்கி வைத்திருக்கிற கேக்கில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? போன வருடம் ஒரு பன்னைத் தின்றுவிட்டு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுத்திருந்தாள்.

"அப்பா, எனக்கு அன்னைக்குக் காலை டூட்டி. நீங்கதான் போகணும்" என்றாள் மகள். "எட்டுத் தலைப்பு வச்சிருக்காங்க. நாலாவது, உதிரியா விக்கிற தின்பண்டத்துல என்னென்ன சேர்ந்திருக்குன்னு எழுதி வைக்கிறது. ஆளுக்கு மூணு பச்சை ஸ்டிக்கர், பொட்டு மாதிரி, ஓட்டுக்குப் பதிலா குடுப்பாங்க. மூணையும் ஒரே தலைப்புல ஒட்டலாமாம், போன் பண்ணிக் கேட்டுட்டேன். மூணும் நாலுல. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றார் அப்பா, முகம் சுருங்கி.

"பேசணும்னா பேசுங்க. ஆனா மூணும் நாலுல."

கூட்டத்தன்று நம்மவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், மைக்குக்குக் கைக்கெட்டும் தூரத்தில், நடைபாதை ஓரத்து நாற்காலியில் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்துகொண்டார். மடியில் பிளாஸ்டிக் கோப்பு. அதற்குள் சாக்கடை மூடிக் காலத்திலிருந்து சேர்த்த காகிதங்கள். எந்தக் கூட்டத்துக்கு எது உதவும் என்று யார் கண்டது?

அவருக்கு முன்னால் ஒரு பேக்கரிக்காரர் பேசினார். "எழுதி வைக்கிறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி சட்டம் போடுங்க. நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. நம்மவருக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஒரே ஒரு கருத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் கூட்டத்துக்கு வருவானா?

பிறகு இவர் எழுந்தார். மைக்கை மூன்று தட்டுத் தட்டி, "கேக்குதா?" என்றார். கேட்கிறது என்றார்கள். "பின்னாடி கேக்குதா?" பின்னாலும் கேட்டது. "ஏன்னா போன கூட்டத்துல பின்னாடி கேக்கல" என்று சொல்லி, போன கூட்டத்தின் மைக்கைப் பற்றிச் சிறு குறிப்பு வழங்கி, மேடையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக வணங்கி, தான் பேச வரவில்லை என்றும் கேட்கத்தான் வந்ததாகவும் தெரிவித்து, சுருக்கமாகச் சொல்வதாக வாக்களித்து, மனிதன் நெருப்பைக் கண்டுபிடிப்பதற்கு முன் எதைத் தின்றான் என்ற இடத்திலிருந்து தொடங்கினார். மூன்று நிமிட மணி அடித்தபோது மனிதனுக்கு இன்னும் நெருப்புக் கிடைக்கவில்லை.

"ஐயா, நேரம் முடிஞ்சுது" என்றார் தலைமை வகித்த அதிகாரி அம்மா.

"முடிக்கிறேம்மா. முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு."

இரண்டாவது மணி. "கடைசியா இன்னொண்ணு." மைக்கை அணைத்தார்கள். அவர் குரலை உயர்த்தினார். டீ கொண்டுவந்து வைத்தார்கள். கூட்டம் டீயை நோக்கி நகர்ந்தது. கடைசியில் அவரும் டீயை நோக்கி நகர்ந்தார், வழியெல்லாம் பேசிக்கொண்டே. பேத்தியின் உதட்டைப் பற்றியோ பன்னைப் பற்றியோ ஒரு வார்த்தை வரவில்லை. வந்திருக்கும், ஒரு நாற்பது நிமிடம் கொடுத்திருந்தால்.

பரவாயில்லை, ஸ்டிக்கர் இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. பலகைக்கு முன்னால் மூன்று பச்சைப் பொட்டுகளோடு நின்றார். எட்டுத் தலைப்புகளையும் படித்தார். நாலாவதை இரண்டு தரம் படித்தார். விரலும் அதை நோக்கித்தான் போனது, சத்தியமாக. ஆனால் பாருங்கள், எவனோ யோசித்து எவனோ அச்சடித்து வைத்த கருத்துக்கு ஆமாம் போடவா இரண்டு பஸ் மாறி வந்தோம்? பலகையின் அடியில், மரியாதைக்காக, ஒன்பதாவதாக ஒரு காலிக் கட்டம் போட்டிருந்தார்கள். 'மற்றவை'. தன்னுடைய கருத்து எட்டையும் உள்ளடக்கியதல்லவா, நாலாவதும் அதற்குள்தானே வருகிறது? மூன்றையும் அங்கே ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தியும் விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டார். "தாத்தாவோட ஸ்டிக்கர் மட்டும் தனியா, ஜம்முன்னு ஒரு கட்டத்துல இருக்கு. மத்ததெல்லாம் ஒரே கும்பல்." கோப்பிலிருந்து, கூட்டத்தில் டீயோடு வைத்த பிஸ்கட் இரண்டை எடுத்து நீட்டினார்.

"இதுல என்ன இருக்கு தாத்தா?"

"பிஸ்கட் இருக்கு."

"கடலை இருக்கா?"

தாத்தா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். வாரியத்தின் பிஸ்கட்டிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. குட்டி அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அது பழக்கம்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. மகள் போனைப் பார்த்து வாசித்தாள். அதிகப் பொட்டு வாங்கிய மூன்று தலைப்புகள்தான் திட்டத்தில் சேரும். "மூணாவது வந்ததுக்கு நாப்பத்து மூணு. நம்மளோடதுக்கு நாப்பத்தொண்ணு." அவள் விரல் திரையில் கீழே நகர்ந்தது. "ரெண்டுல போச்சேப்பா. இங்க பாருங்க, 'மற்றவை: மூன்று. விவரம் இல்லை'ன்னு போட்டிருக்கு. யாரு இந்த மகானுபாவர்?"

"பொறுப்பில்லாத ஜனங்கம்மா" என்று நம்மவர் கொதித்தார். "மூணையும் கொண்டுபோய் வீணாக்கியிருக்கான் பாரு. இவனுங்களுக்கெல்லாம் எதுக்கு ஸ்டிக்கர்? இதைப்பத்தி என்னைக் கேட்டா..."

"தாத்தாவோடதுதாம்மா அது" என்றாள் குட்டி, பெருமையோடு. "தனியா இருக்குன்னு சொன்னாங்களே."

மகள் அப்பாவைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். "அடுத்த தடவை அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் கேப்பாங்க" என்று மட்டும் சொன்னாள்.

"அப்ப எனக்குப் பன்னெண்டு" என்று குட்டி விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

நம்மவர் வாயைத் திறந்தார். இன்னொண்ணு வரவில்லை.

நீங்கள் சிரித்தீர்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பாதியில் எங்கேயோ, "எல்லாம் சரி, ஒன்றை மட்டும் இந்தக் கதை சொல்கிறவர் விட்டுவிட்டார்" என்று உங்கள் மனதில் ஓடியதா இல்லையா? ஓடியிருந்தால் நீங்களும் கருத்தாளர்தான்; வீட்டில் யாரோ உங்களிடம் ஒரே ஒரு வேலை சொல்லி அனுப்பியிருப்பார்கள். என்னிடம் கருத்துச் சொல்ல வருவதற்கு முன் அதை முடித்தாயிற்றா என்று அவர்களைக் கேட்டுவிட்டு வாருங்கள்.