ஓட்டுவீட்டுத் தெருவில் ஒலித்த முரசு

மருதவேலி நாட்டுக்குப் பகைவர் எவரும் இல்லை. மன்னருக்கு அதுவே தீராத மனக்குறை. அக்கரை நாட்டாரோ ஆண்டுதோறும் பண்டிகைக்குப் பலகாரம் அனுப்புகிறவர்கள்.

"பலகாரம் அனுப்புகிறவன் எதையோ மறைக்கிறான்," என்றார் படையமைச்சர் பராந்தகனார். "பாட்டனார் காலத்துக் கட்டாயப் படைச்சேவையை மீண்டும் கொண்டுவருவோம்."

வீட்டுக்கு ஓர் இளையவர் படைக்கு வரவேண்டும் என்று ஊர் ஊராக முரசறைந்தவன் தாழையன். கணீரென்ற குரல்; அவன் வாயால் கேட்பதுதான் மக்களுக்குச் சட்டம். வீடு திரும்பியதும் மனைவி பூவாத்தா கேட்டாள்: "ஏங்க, அமைச்சர் மவனும் போறாரா?"

மறுநாள் அவன் அதைப் பணிவோடு அவையில் கேட்டே விட்டான்.

பராந்தகனார் புன்னகைத்தார். "என் மகனுக்கு நாட்டுப்பற்று குருதியிலேயே ஊறியது. அதைப் பயிற்சி கொடுத்துக் கெடுக்கலாமா? பற்றுக் குறைந்த வீடுகளுக்கே இச்சட்டம்."

ஆராய்ந்ததில், பற்றுக் குறைவு கூரைவீடுகளில் மட்டுமே காணப்பட்டது. தாழையன் வீடும் கூரைவீடுதான். ஒரே மகள் பவளாயி வேலேந்திப் போனாள்.

அறுக்க ஆளில்லாமல் நெல் வயலிலேயே உதிர்ந்தது. படைக்குச் சோறு வேண்டுமென்று தானியவரி இரட்டிப்பானது. பசி என்று சொல்வதே பகைவனுக்குத் துப்புக் கொடுப்பதாகும் என்று அடுத்த ஆணை வந்தது. ஊரார் அரசுக் களஞ்சியத்தின் முன் திரண்டார்கள்.

"அகப்பட்டான் பகைவன்!" என்று பராந்தகனார் மகிழ்ந்து படையை ஏவினார்.

முன்வரிசையில் பவளாயி. எதிரே பூவாத்தா.

"தள்ளிப் போம்மா. வேல நீட்டச் சொல்றாங்க."

"நீட்டிக்கடி. மொதல்ல சாப்பிட்டியா, அதச் சொல்லு."

"எங்களுக்கும் நேத்துலேருந்து கஞ்சி இல்லம்மா."

பவளாயி கையிலிருந்த வேலைக் கீழே போட்டாள். வரிசை முழுவதும் போட்டது.

"ஒரு படை போதாது. படையை அடக்க இன்னொரு படை வேண்டும்," என்றது அவை. "கூரைவீட்டுக்கு இனி இருவர்."

அதை அறிவிக்கத் தாழையன் முரசை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கால்கள் கூரைவீடுகளின் பக்கம் போக மறுத்தன. அமைச்சர்கள் வாழும் தெருவில் நின்று முரசைக் கொட்டினான். "ஓட்டுவீட்டுக்கு இருவர்!"

மாடிதோறும் ஒப்பாரி எழுந்தது. பராந்தகனாரின் மனைவி வாசலுக்கு ஓடி வந்தாள். "அக்கிரமம்! என் பிள்ளைக்குப் பனிக்காற்றே ஒத்துக்கொள்ளாது!"

"அரசாணைங்க, தாயே."

பொழுது சாய்வதற்குள் அவை கூடியது. கட்டாயச் சேவை மனிதத்தன்மையற்றது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. முன்மொழிந்த பராந்தகனார் கண்கலங்கினார். படை கலைந்து, பவளாயி வீடு வந்து சேர்ந்தாள்.

சட்டத்தைத் திரித்துச் சொன்ன குற்றத்துக்காகத் தாழையனைச் சிறையில் அடைத்தார்கள். காவலுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.