வரவேற்புப் பலகையும் மிளகாய் மில்லும்

பாறசாலை தாண்டி கேரள–தமிழ்நாடு எல்லையை ஒட்டிக் கிடக்கும் அந்த ஊரில், மலையாளம், தமிழ் இரண்டையும் வாசிக்கத் தெரியாதவர்கள் மிகக் குறைவு. ஆகையால்தான், சாலையோரம் வைக்கப்போகும் வரவேற்புப் பலகை எந்த மொழியில் இருக்க வேண்டும் என்ற சண்டை அத்தனை பலமாக நடந்தது.

கடைசியில் ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ் என்று ஊர்க் கமிட்டி முடிவு செய்தது. அப்படியானால் பஸ்ஸில் வருகிறவர்களைப் பார்த்து எந்தப் பக்கம் நிற்பது? மறுபடியும் சண்டை. தலைவர் வேலாயுதன் சமீபத்தில்தான் மச்சினனைப் பார்க்க துபாய் போய், கறுப்புக் கண்ணாடியோடும் சென்ட் மணத்தோடும் திரும்பியிருந்தார்.

"அங்க சோப்பு விளம்பரம்கூட சுத்துதாக்கும். நம்ம பலகையும் சுத்தட்டு" என்றார். கைதட்டல் எழுந்தது. உள்ளே பத்து பல்பு, அடியில் ஒரு மோட்டார், சகல பிரிவினருக்கும் சமவாய்ப்பு.

இந்தச் சமவாய்ப்பில் சௌதாமினியின் மில் மாட்டிக்கொண்டது. குடியிருந்தவருக்கே நிலம் என்ற குடிகிடப்பு உரிமையில் அவள் அப்பாவுக்குக் கிடைத்த பத்து சென்டில் ஷெட்டு போட்டு, துபாயில் கிரேன் கம்பெனியில் வேலை பார்க்கும் புருஷன் சதானந்தனின் சம்பாத்தியத்தில் மிளகாய் அரைக்கும் மெஷினும் வாங்கிப் போட்டிருந்தாள். மெஷின் சாக்கு போர்த்திக்கொண்டு கிடந்தது. கரண்டு இல்லை.

"வரவேற்பு வேலை முடியாம புதிய கணெக்ஷன் கொடுக்கப்படாது" என்றார் கரண்டு ஆபீஸ் ஓவர்சியர் ஜெயச்சந்திரன். "ஒரே லைனாக்கும். முடிஞ்சதுன்னு சர்ட்டிபிகேட் வரட்டு."

"எப்ப முடியும் சாறே?"

"சுத்தத் தொடங்கினா முடிஞ்ச மாதிரிதானே."

பலகை சுற்றத் தொடங்கியது. பலகையோடு பல்புக்குப் போகும் வயரும் சுற்றியது. முறுக்கேறி முறுக்கேறி, பட்டென்று அறுந்து, பியூஸ் போய்ப் பலகை நின்றது. ஒட்டினார்கள், மறுநாளும் அறுந்தது. முறுக்கை அவிழ்ப்பதற்காக, பலகையைக் கம்பால் திருப்பிச் சுற்றிவிட ஓர் 'எதிர்ச்சுற்றாளர்' பதவி உருவாக்கப்பட்டு, தலைவருடைய மனைவியின் தம்பி பாலையன் தகுதி அடிப்படையில் நியமிக்கப்பட்டான். பலகை விளக்கெரிந்து சுற்றுவது அந்திக்குப் பிறகு. பாலையனுக்கு வேலை பகலில். ஆபீஸ் நேரம் என்று ஒன்று உண்டல்லவா? ஆகவே வயர் தினமும் முறைப்படி அறுந்தது.

சௌதாமினி தன் துயரத்தை ஒரு காசெட்டில் பேசி, லீவு முடிந்து துபாய் திரும்புகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். பதில் காசெட்டும் ஒரு சின்னப் பொட்டலமும் வந்தன. சதானந்தனின் குரல் சொன்னது:

"எட்டீ சௌதாமினி, கிரேனும் சுத்துது, அதுக்க வயரு அறுந்தா கம்பெனி ஓடுமா? சுத்தினாலும் வயரு முறுக்காம கரண்டு கடத்த நடுவுல ஸ்லிப் ரிங்கு வைக்கணும். பழைய மாதிரி ரிங்குல கரித்துண்டு உரசி உரசித் தேயும். நான் அனுப்பின இதுல உரசதுக்கு ஒண்ணும் கெடையாது. உள்ள பாதரசமாக்கும், அதுவழியா கரண்டு போவும். ரெண்டு வயரு, பத்து ஆம்பியர். உங்க பத்து பல்புக்குத் தாராளம். நிமிர்த்தி வைக்கணும், படுக்கப் போடப்படாது. மேல் பாதி பலகையோட சுத்தட்டு. கீழ்ப் பாதியை இறுக்கி அடிக்காண்டாம், சுத்தாம ஒரு கம்பி சும்மா பிடிச்சா போரும்."

ஓவர்சியர் பொட்டலத்தைப் பிரித்து, எல்லாப் பக்கமும் பார்த்தார்.

"கரி எங்க?"

"இதுல கரி கெடையாது சாறே. தேயாது."

"சட்டப்படி நாலு கரித்துண்டு ஸ்பேர் இருக்கணும். தேயாத சாதனத்தை எங்ஙன மாத்துவேன்? மாத்த முடியாத சாதனத்தை எங்ஙன பராமரிப்பேன்?"

சௌதாமினி பஸ் ஏறினாள். நெய்யாற்றின்கரை போய், எந்த மோட்டாருக்கானது என்று கேட்ட கடைக்காரரிடம் "எதுக்குமில்ல" என்று சொல்லி நாலு கரித்துண்டு வாங்கி வந்தாள். அவை ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டப்பட்டன. ரிங்கு பொருத்தப்பட்டது.

பலகை சுற்றியது. அந்தியிலும் சுற்றியது, விடியும்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. பாலையன் மட்டும் கம்போடு நின்று, "எனக்க கஞ்சியில மண்ணு போட்டியே அக்கா" என்றான்.

சர்ட்டிபிகேட் எழுத எஞ்சினியர் வந்தார். குடை பிடித்து நின்று, பலகையை வெகுநேரம் பார்த்தார்.

"இது இன்னும் ஓடிக்கிட்டு இருக்கே?"

"ஓடதுக்குத்தானே சார் வச்சது" என்றாள் சௌதாமினி.

"ஓடிக்கிட்டிருக்கிற வேலையை முடிஞ்ச வேலைன்னு நான் எப்படி எழுதுவேன்? நிக்கட்டும். அப்புறம் கூப்பிடுங்க."

இத்தனை நாள் பலகை நின்றுபோனதால் வேலை முடியவில்லை. இப்போது நிற்காததால் முடியவில்லை. ஓவர்சியர் இதைப் புரிந்துகொண்டு தலையசைத்தார். வேலாயுதனும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையசைத்தார்.

"அப்படின்னா நிறுத்துங்க!" என்று கத்தினாள் சௌதாமினி.

மோட்டாரை நிறுத்தினார்கள். மலையாளப் பக்கம் சாலையைப் பார்த்து நின்றது. பாதிக் கமிட்டி எதிர்த்தது. பாலையன் கம்பால் தள்ளினான். தமிழ்ப் பக்கம் வந்தது. மற்ற பாதி எதிர்த்தது. எஞ்சினியர் ஜீப்பில் ஏறப் போனார். சௌதாமினி ஓடிப்போய்ப் பலகையைத் தானே பிடித்துத் திருப்பி, குறுக்காக நிறுத்தினாள். இப்போது வருகிறவனுக்கும் தெரிவது பலகையின் ஓரம், போகிறவனுக்கும் ஓரம். ஒரு பக்கம் தென்னந்தோப்பை வரவேற்றது. மறுபக்கம் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தை வரவேற்றது.

கமிட்டி அமைதியானது. யாருக்கும் அதிகமில்லை, யாருக்கும் குறைவில்லை. வேலாயுதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதாக்கும் சமத்துவம்" என்றார்.

சர்ட்டிபிகேட் அங்கேயே ஜீப்பின் மேல் வைத்து எழுதப்பட்டது. ரிங்கு உரசலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றக்கூடியது. லேசான காற்றுக்கும் பலகை திரும்பிவிடும். ஆகவே அது திரும்பாமல் பிடித்துக்கொண்டு நிற்க, பாலையனுக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. இம்முறை இருபத்துநாலு மணி நேரமும்; மாற்று ஆளும் உண்டு.

சௌதாமினிக்குக் கரண்டு வந்தது. மில் உறும, மிளகாய் நெடியில் அவள் கண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தபோது, ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"அக்கா, இது கேரளமா, தமிழ்நாடா? அந்தா ஒரு ஆள் பலகையைக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கான், அவன்கிட்ட கேட்டா பதில் சொல்ல அதிகாரம் இல்லங்கான்."

சௌதாமினி பதறிப்போய் மில்லை விட்டு வெளியே வந்தாள். சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"மெல்லப் பேசுங்க அண்ணாச்சி" என்றாள். "பலகை தெரியல்லன்னு கமிட்டி காதுல விழுந்தா திரும்பவும் சுத்த விட்டிருவாங்க. பின்ன வேலை முடியாது, எனக்க கரண்டும் போவும். எந்த ஊரா இருந்தா உங்களுக்கு என்ன? இங்க இருக்கப்பட்ட நாங்களே கேக்கல்ல."