சகலை மாடி வெளிச்சம்

“இன்னைக்கும் சகலைக்குப் பன்னெண்டு யூனிட்டு. நமக்கு வெறும் ஒம்போது!”

ராஜபாளையத்து மொட்டைமாடியில் நின்று ராக்கப்பன் போனை முறைத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் சகலை ஆவுடையப்பன் வீட்டிலும் இதே கம்பெனி, இதே சோலார் பேனல், இதே இரண்டு வரிசைதான். அவர் மாடிக் கணக்கும் தன் போனில் தெரிய வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியதிலிருந்து ராக்கப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆடிப்பூரத் தேருக்குச் சகலை வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்குள் அவரை முந்தாவிட்டால் சொந்தபந்தம் முன்னால் எப்படித் தலைநிமிர்வது?

பேனல் மாட்டிய இன்ஜினியர் சிவரஞ்சனியை வரவழைத்தார்.

“மேகமூட்டத்துல வெளிச்சம் வானம் முழுக்க இருந்து வருது அண்ணாச்சி. முன்வரிசை கொஞ்சம் வானத்த மறைக்கும், அதனால பின்வரிசைக்கு நட்டம். ஆனா பெருசா ஒண்ணும் இருக்காது.”

கடைசி வாக்கியத்தை ராக்கப்பன் காதில் வாங்கவே இல்லை. அவள் போனதும் பின்வரிசையின் காலடியில் மல்லாந்து படுத்து, மறையும் வானத்தைச் சாண் போட்டு அளந்தார்.

“ஏட்டி, கால்வாசி வானம் போச்சு!”

“துணி காயப்போடணும், எந்திரிங்க,” என்றாள் மனைவி காளீஸ்வரி.

ஆள் பிடித்துப் பின்வரிசையைத் தள்ளி மாட்டினார். அது தண்ணீர்த்தொட்டி நிழலுக்குள் போய் நின்றது. ஆனாலும் மறுநாள் அவருடைய ஒன்பது குறையவில்லை. சகலைக்குத்தான் எட்டாக இறங்கியிருந்தது.

“எங் கண்ணு பட்டிருச்சு!” என்று துள்ளினார்.

“எங்கக்கா வீட்டுக்கா கண்ணு வைப்பீங்க?”

அந்தச் சூட்டோடு முன்வரிசையையே கழற்றிப் போட்டார். மறுநாள் அவருக்கு அதே ஒன்பது. சகலைக்கு மூன்று!

“பாத்தியா! பாதிப் பேனல்லயே ஒம்போது. இம்புட்டு நாளா முன்வரிசைதான் வெளிச்சத்தத் திருடியிருக்கு.”

ஜெயித்ததும் மனசு தாராளமாகிவிட்டது. ஆடிப்பூரத்தன்று கழற்றிய பேனல்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிச் சகலை வீட்டில் இறக்கினார். மாட்டுவதற்குச் சிவரஞ்சனியையும் கையோடு கூட்டிப் போயிருந்தார்.

“பாவம் சகல, உங்களுக்குத்தான் இறங்கிருச்சே. இத வச்சுக்கோங்க.”

“எனக்கு எதுக்குய்யா? நான் அந்தக் கணக்கெல்லாம் பாக்குறதே இல்ல,” என்று ஆவுடையப்பன் நெளிந்தார்.

“திருப்பித் தந்தா நமக்குள்ள உறவே இல்ல!” என்று ராக்கப்பன் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் முழங்கினார்.

பேனல்களை மாட்டி முடித்துவிட்டு, ராக்கப்பன் போனை வாங்கிப் பார்த்த சிவரஞ்சனிக்கு முகம் வெளுத்தது.

“அண்ணாச்சி, இங்க மாட்டுனது உங்க பேருல ஏறுதே... உங்க போன்ல கணக்கு ஏத்துன அன்னைக்கே நான் ரெண்டு மாடிப் பேரையும் மாத்திப் போட்டுட்டேன் போல. நீங்க கண்ணு வச்சதெல்லாம் உங்க மாடியத்தான்.”