மஞ்சள் வைத்த பென்சில்கள்

பென்சிலை எந்த முனையில் சீவுவீர்கள்? "எந்த முனையா இருந்தா என்ன" என்று சொல்லக்கூடியவர் என்றால், தயவுசெய்து பானுப்ரியாவின் கண்ணில் பட்டுவிடாதீர்கள்.

அன்று அவள் புருஷன் குருமூர்த்தி பட்டுவிட்டான்.

"ரெண்டையும் நீங்கதான் சீவுனீங்களா?"

"ஆமா. ஊசி மாரி இருக்கு பாரு."

"டூஹெச், ஹெச்பின்னு பேரு போட்டிருந்த பக்கத்தையே சீவித் தள்ளிட்டீங்களே. எது எதுன்னு இப்ப எப்படிங்க தெரியும்?"

"அடுத்த முனையில அம்மா மஞ்சக் குங்குமம் வெச்சிருந்துச்சு. மஞ்ச மேல பிளேடு வைக்கச் சொல்றியா?"

மாமியார் பச்சையம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வூடு கட்டப் போற பென்சிலு. மஞ்ச வைக்காம எப்படி?"

ஆண்டிமடம் கடையில் வாய்ப்பாடு போட்ட பென்சில்தான் இருந்தது. குருமூர்த்தி பஸ் ஏறி அரியலூர் போய் வாங்கி வந்தவை இவை. டூஹெச் கெட்டி, மெல்லிசாக, வெளுப்பாக விழும். அளவுக்கோடு அதில்தான் போட வேண்டும். ஹெச்பி மெது, கருப்பாக விழும். அது சுவருக்கு. கருப்புக் கோடு எங்கே இருக்கிறதோ அங்கே கொத்தனார் தோண்டுவார்.

மறுநாள் காலை மனைக்கு முகூர்த்தம். மாமனார் காசிநாதனின் அக்கா மகன் பெரம்பலூரில் இன்ஜினியர். அவர் அனுப்பிய பிளானில் சமையலறை கோழிக்கூடு மாதிரி மூலையில் கிடந்தது. அதற்குச் சன்னலே இல்லை.

"இதுல நான் நிக்க மாட்டேன்" என்று பானுப்ரியா சொல்லிவிட்டாள். "நானே வரையறேன்."

"பொழுது சாயக் கொத்தனார் வருவாரு" என்றார் காசிநாதன். "அதுக்குள்ள ஒன் படம் இருந்தா ஒன் படம். இல்லன்னா என் மருமவன் படம். நீ என்ன கோலமா போடப் போற?"

"ரெண்டு வருசம் ஐடிஐ-ல கோடு போட்டது கோலம் போடவா மாமா?"

இப்போது இரண்டு பென்சிலையும் காகிதத்தில் இழுத்துப் பார்த்து, கெட்டியானதற்குச் சிவப்பு நூல் கட்டினாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தபோது நூலைக் காணோம்.

"பூக்கட்ட எடுத்துக்கிட்டேன்" என்றாள் பச்சையம்மாள். "ஏன், பென்சிலுக்குக் குளிருதா?"

பானுப்ரியா மறுபடி இழுத்துப் பார்த்தாள். முனை மழுங்கியது. "இந்தக் கெட்டியத மட்டும் உளி மாரி தட்டையாச் சீவிக் குடுங்க" என்று குருமூர்த்தியிடம் கொடுத்தாள். அவன் மற்றதையும் சேர்த்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போன் பேசினான். பேசி முடித்ததும் மெதுவானதைச் சீவினான். உடைந்தது. மறுபடி சீவினான். மறுபடி உடைந்தது. நிறுத்தியபோது ஹெச்பி கட்டைவிரல் அளவு மிஞ்சியிருந்தது.

"நீங்க போயி மாட்டப் பாருங்க" என்றாள் அவள்.

"நீதான் இப்பப் பாத்துட்டு வந்த."

"மறுபடி பாருங்க."

டூஹெச்சைத் தேடினாள். அது அருவாமணை பக்கத்தில் கிடந்தது.

"மொன்னையா இருந்துச்சுன்னு சீவிப் பாத்தேன்" என்றாள் பச்சையம்மாள். "உள்ள எல்லாம் துண்டு துண்டா வருது. நல்ல கடையில வாங்குனா என்ன?"

பானுப்ரியா அதைக் குப்பையில் போட்டாள். மிஞ்சியிருந்த ஹெச்பித் துண்டைப் பழைய பேனா மூடியில் செருகினாள். கைக்குப் பிடி கிடைத்தது. சுவர், அளவு, சன்னல் எல்லாவற்றையும் அதிலேயே போட்டாள். எல்லாமே கருப்பாக விழுந்தன.

காசிநாதன் குனிந்து பார்த்தார். "கூடத்து நடுவுல எதுக்குச் செவுரு? மாடு கட்டவா?"

"அது செவுரு இல்ல மாமா. அளவுக்கோடு."

"கொத்தனாருக்கு எப்படித் தெரியும்?"

அவள் அந்தக் கோட்டின் மேல் 'இது சுவர் இல்லை' என்று எழுதினாள். அடுத்த கோட்டிலும் எழுதினாள். பதினைந்து இடத்தில் எழுதி முடித்தபோது வீட்டில் சுவரை விட சுவர் இல்லாதவை அதிகமாக இருந்தன. ஆனால் சமையலறை பத்துக்குப் பன்னிரண்டு. மூன்றடியில் ஒரு சன்னல்.

"அழிச்சிட்டுப் பேசாம இன்ஜினியர் படத்தையே குடுத்துருவோமா?" என்றான் குருமூர்த்தி.

"குடுத்துப் பாருங்க. அந்தக் கோழிக்கூட்டுல நீங்களே பொங்கித் தின்னுங்க."

பொழுது சாயக் கொத்தனார் வெள்ளைச்சாமி வந்தார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுவர் எது, சுவர் இல்லாதது எது என்று அவருக்குச் சிரமமே இல்லை. சமையலறையில்தான் விரலை வைத்து நின்றார்.

"இம்மாம் பெருசா? இதுக்கு ஒங்க மாமியார் ஒத்துக்கிட்டாங்களாம்மா?"

"மாமாதாங்க ஒத்துக்கணும்."

"அவருக்கு என்ன தெரியும்? சமையக்கட்டச் சின்னதாப் போடு, சன்னலும் வேணாம்னு அந்த இன்ஜினியருக்கு என் எதிரயே போன் போட்டுச் சொன்னதே பச்சையம்மா அக்காதான."

காசிநாதன் மனைவியைப் பார்த்தார். பச்சையம்மாள் அடுப்படியை விட்டு வெளியே வந்தாள்.

"ஆமா, சொன்னேன். எடம் இருந்தா வர்றவ எல்லாம் கால நீட்டி உக்காந்துக்குவா. பங்காளிக்குப் பொங்கு, சம்பந்திக்குப் பொங்கு, முந்திரி பறிக்க வர்ற ஆளுக்குப் பொங்கு. பொங்குனது போதும். ஒருத்தி நிக்கத்தான் எடம்னா, எவன் கேட்டாலும் இங்க எடம் இல்லன்னு சொல்லிப்புடலாம். ஒனக்கும் சேத்துத்தான்டி சொன்னேன்."



"அப்ப சன்னல் அத்த?" என்றாள் பானுப்ரியா.

"சன்னலுன்னா எவளாச்சும் எட்டிப் பாத்து என்ன கொழம்புன்னு கேப்பா."

"கேட்டா சாத்திக்கலாம்."

பச்சையம்மாள் யோசித்தாள். "அப்ப வெச்சிக்க."

பானுப்ரியா கொத்தனார் கையிலிருந்து படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு ரப்பரைத் தேடினாள்.

மறுநாள் காலை வெள்ளைச்சாமி சமையலறைக்கு ஆறுக்கு ஆறு சுண்ணாம்புக் கோடு போட்டார். படத்தில் சன்னல் மட்டும் ஐந்தடி ஆகியிருந்தது.