பீப் அண்ணையும் ஏழாம் நம்பர் மீனும்

ரொறன்ரோவில் மீனைத் தேடி பீப் அண்ணை அளவுக்கு நடந்த மனிதர் கிடையாது. இத்தனைக்கும் அவர் சுத்த சைவம். மீன் சட்டிக்குப் பக்கத்தில் இருந்த கரண்டியைக்கூடத் தொடமாட்டார்.

எண்பத்தேழில் பார்க்டேலில் ஓர் அப்பார்ட்மென்டில் ஐந்து பேர் இருந்தோம். நாலு பேருக்கு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவும் வேலை. ஊரில் ரேடியோ திருத்திய அண்ணைக்கு மட்டும் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை. அங்கே தொட்டியில் பொரிக்கவைத்து வளர்த்த ஸ்ரேர்ஜன் என்ற மீன்களின் வயிற்றில் சின்ன ரேடியோ வைத்து, அதன் கம்பி மட்டும் வெளியே தொங்கத் தைத்து, ஹம்பர் ஆற்றில் விட்டிருந்தார்கள். அவை எங்கே போகின்றன, பிழைக்கின்றனவா என்று அன்ரெனாவோடு கரையோரம் நடந்து கேட்கவேண்டும். மீன் கிட்ட வந்தால் கையிலுள்ள பெட்டி 'பீப்' என்னும். பெயர் வந்த கதை அதுதான்.

உடுப்புக் காயப்போடும் கொடி மாதிரியான அந்த அன்ரெனாவோடு அவர் ஸ்ரீட்காரில், அதுதான் தெருவில் ஓடும் ட்ராமில், ஏறினால் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள். ஒருநாள் எங்கள் ஆள் ஒருவர் ஆசையோடு கேட்டார்.

"அண்ணை, உதில தூரதர்சன் வருமோ?"

"இல்லைத் தம்பி. மூண்டாம் நம்பரும் ஏழாம் நம்பரும்தான் கிளியரா வரும்."

அதே ஆற்றோரம் ரெக்ஸ்டேலில் ஒரு பிறந்தநாள். கேக் வெட்டும் நேரம் அண்ணையைக் காணோம். தேடிப் போனால், கோட் சூட்டோடு ஆற்றுச் சேற்றில் நிற்கிறார்.

"மெல்லக் கதையுங்கோ. மூண்டாம் நம்பர் படுத்திருக்கு."

கேக்கை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தோம். "முட்டை போட்டதோ?" என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார்.

குளிர் தொடங்க, மீன்களின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. தொட்டியில் தீனி போட்டு வளர்த்தவை ஆற்றில் தாமாகத் தேடித் தின்னாது போலிருக்கிறது, இப்படியே போனால் ஆய்வை நிறுத்தவேண்டியதுதான் என்றாராம் பேராசிரியை. வேலை போனால், அகதி வழக்குக்குக் காட்ட அண்ணையிடம் இருந்த ஒரே வேலைக் கடிதமும் போய்விடும். கடைசியில் ஏழாம் நம்பரும் மௌனமானது. ஆறு போய் விழும் ஏரியின் கரையில், பஸ்ஸில் ஏறி இறங்கி ஒஷாவா நகரம் வரைக்கும் தேடினார். சோறு இறங்கவில்லை அவருக்கு.

மூன்றாம் நாள் பின்னேரம் வீட்டுக் கதவைத் திறந்ததும் பெட்டி 'பீப்' என்றது. அன்ரெனாவைத் தூக்கிக்கொண்டு குசினியைத் தாண்டி பல்கனிக்குப் போனார். குளிர்காலத்தில் பல்கனிதான் எங்கள் ஃபிறீசர். அங்கே தொங்கிய பைக்குள், நீண்ட மூக்கும் முதுகில் எலும்புத் தகடுகளுமாக ஏழாம் நம்பர் விறைத்துக் கிடந்தது.

"உதை ஆர் பிடிச்சது?"

"நான்தான் அண்ணை, இண்டைக்குக் காலமை ஏரியில," என்றேன். வயிற்றில் தொங்கிய கம்பியை யாரோ அறுத்துவிட்ட தூண்டில் என்று நினைத்திருந்தேன். அவருடைய மீன் அது என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் ஏசவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

"மெலிஞ்சு கிடந்ததோ?"

"இல்லை அண்ணை. நல்ல கொழுப்பு. வயிறு முட்டிக் கிடந்தது."

"உண்மையாவோ?" என்று எழும்பிவிட்டார்.

மறுநாள் காலை, மீன் மணத்துக்கே மூக்கைப் பொத்தும் அந்த மனிதர், ஏழாம் நம்பரைத் தன் துவாயில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீட்காரில் போனார். பேராசிரியை வயிற்றைப் பிளந்தபோது, உள்ளே ஆற்றுப் புழுவும் பூச்சியும் நிறைய. அண்ணையின் குழந்தை தானாகத் தேடிச் சாப்பிட்டிருந்தது. ஆய்வு அடுத்த கோடை வரைக்கும் நீண்டது.

பிடித்தவர் யார் என்று பேராசிரியை கேட்டாராம். "எங்கட வீட்டு ஆள். உங்கட மீன்பிடிச் சட்டம் தெரியாது, இஞ்ச புதுசு," என்பதை அண்ணை தன் ஆங்கிலத்தில் சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

அன்று பின்னேரம் என் முன்னால் ஒரு தாளை வைத்தார். அந்த ஆண்டுதான் வந்த மீன்பிடி லைசென்ஸுக்கான விண்ணப்பம்.

"கையெழுத்தை மட்டும் வை. மிச்சம் நான் நிரப்பிட்டன்."

விமான நிலையம் முதல் வேலைத்தளம் வரை எல்லோரும் என் நீளப் பெயரைக் கொத்திக் குதறியிருந்தார்கள். கனடாவில் என் பெயர் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லாமல் எழுதப்பட்ட முதல் தாள் அதுதான். அதை நான் அனுப்பவேயில்லை. இன்னும் வைத்திருக்கிறேன்.