மூன்றுக்குப் பதில் நூற்றெட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருடம் தயங்கினேன். எழுதினால் மானம் போகும். (இனிமேல் போவதற்கு மிச்சமில்லை என்று மனைவி சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தேன்.)

நான் பத்தாவது வரை படித்தவன். எங்கள் பஜனைக் குழுவின் பாட்டுப் பதிவுகள் ஒரு சர்வரில் இருந்தன. அதை அன்று மாலை ஐந்து மணிக்கு மூடப்போவதாக வந்திருந்த அறிவிப்பை, அன்று காலையில்தான் பார்த்தேன். அண்ணாமலையார் அடி சேர்ந்துவிட்ட நான்கு பேருடைய குரல் அங்கே மட்டும்தான் இருந்தது. வேறு நகல் கிடையாது.

பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை போனில் வழி சொன்னார். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும், அங்குள்ள ஃபோல்டர்கள் அப்படியே நம் கம்ப்யூட்டருக்கு இறங்கிவிடும். வரியின் கடைசியில் ஒரு எண். ஒரே நேரத்தில் எத்தனை ஃபைல் இறங்கலாம் என்பதற்கு அது.

"மூணு போடுங்க மாமா. ஜாஸ்தி வேணாம்."

மூன்றா! நல்ல காரியத்துக்கு மூன்று பேராகக் கிளம்பாத வீடு எங்களுடையது. சின்னவர், தெரியாமல் சொல்கிறார் என்று நினைத்து, குளித்து, திருநீறு பூசி, சாமியை வேண்டிக்கொண்டு 108 என்று தட்டினேன். (நூற்றெட்டு கெடுதலா செய்யும்?)

ஃபைல் பெயர்கள் திரையில் மளமளவென்று ஓடின. பூரித்துப்போய் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் நின்றுவிட்டது. மறுபடி தட்டினால் சர்வர் உள்ளேயே விடவில்லை. இறங்கிய பாட்டில் ஒன்றைப் போட்டேன். பல்லவியோடு நின்றது. மற்றவையும் அப்படியே.

மாப்பிள்ளையிடம் சொல்லக் கூச்சம். சம்பந்தி வீடு வரை செய்தி போகுமே! சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மணி மூன்றானதும் மனைவியே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"எத்தனை போட்டீங்க மாமா?"

"நீங்க சொன்னதுக்கு மேல கொஞ்சம்..."

"மூணு ராசியில்லைன்னு நூத்தியெட்டு போட்டாருங்க மாப்ளே!" என்றாள் மனைவி, தெருவுக்கே கேட்கும்படி.

அந்தப் பக்கம் மாப்பிள்ளை இருமினார். (வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார்.)

"ஒரே வீட்லருந்து நூத்தியெட்டு பேர் கதவைத் தட்டினா, சண்டைக்கு வந்துட்டாங்கன்னு அது மூடிக்கும் மாமா. உங்க வீட்டு லைனைத்தான் தடுத்திருக்கு. அத்தை போன்லருந்து நெட் எடுங்க. விட்ட இடத்துலருந்து வாங்கிக்கலாம். ரெண்டு போடுங்க, போதும்."

மூன்று என்று மறுபடி சொல்லாத அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன்.

பாட்டுகள் இரண்டிரண்டாக, முழுசாக வந்தன. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசி ஃபைல் இறங்கியது. திறந்தேன். போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர், பாடுவதற்கு முன் தொண்டையைச் செருமினார். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது நான் காபிக்குச் சர்க்கரை போட்டாலும் "எத்தனை?" என்று வீட்டில் கேட்கிறார்கள். பரவாயில்லை. இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். என் மைத்துனன் சொல்லும்போது அது ஆயிரத்தெட்டு ஆகிவிடுகிறது. சத்தியமாக நான் போட்டது நூற்றெட்டுதான்.